கடவுளின் வீட்டுக்குக் காப்புறுதி

கோயிலுக்குக் காப்புறுதி எடுப்பது இறைவனை ஐயுறுவதாகாதா என்று கேட்பவர்கள் நம்மிடையே இன்றும் இருக்கிறார்கள். அவர்கள் எல்லாரும் எழுத்தறியாதவர் அல்லர். ஆலய பரிபாலன சபைகளில் தனாதிகாரி பதவி வகிக்கும் கனவான்களும் அவர்களுள் உளர். அம்பாள் தன் வீட்டைத் தானே பார்த்துக்கொள்வாள் என்பார் ஒருவர். கர்த்தருடைய ஆலயத்துக்குக் கர்த்தரே காவல் என்பார் இன்னொருவர். பள்ளிவாசல் நிருவாகிகளுள் சிலர், காப்புறுதியில் வட்டியும் சூதும் கலந்திருக்கின்றன என்ற மார்க்கத் தடையை எடுத்துக் காட்டுவர். இம்மூன்றனுள் இறுதியில் சொன்னது மட்டுமே சிந்தித்துச் சொல்லப்பட்ட தடை. பங்காளிகள் ஒரு பொதுநிதியில் சேர்ந்து ஒருவர்க்கொருவர் கைகொடுக்கும் 'தகாபுல்' என்னும் ஏற்பாடு அதற்கு விடையாகவே தோன்றியது. ஏனைய இரண்டும் வாதங்களே அல்ல. இரவில் கோயிற் கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பிற் செருகிக்கொண்டு வீடு செல்லும் குருக்கள், அக்கேள்விக்கு நாள்தோறும் விடை கூறிவிட்டுத்தான் செல்கிறார்.

ஐரோப்பாவும் ஒரு காலத்தில் இதே தயக்கத்தில் கிடந்தது. பெஞ்சமின் பிராங்கிளின் இடிதாங்கியை அறிமுகப்படுத்திய பின்னரும், இறைவனின் சினத்தை இரும்புக் கம்பியால் தடுப்பது தகுமோ என்று தேவாலயங்கள் பல தயங்கின. இத்தாலியின் பிரேசியா நகரில் 1769இல் ஒரு கொத்தளத்தின்மேல் இடி விழுந்தது. அதில் அரசு வெடிமருந்தைக் குவித்து வைத்திருந்தது. கொத்தளத்தோடு நகரின் ஒரு பகுதியும் சிதறியது.  அதன் பின்னர்தான் கோபுரங்களில் கம்பிகள் விரைந்து ஏறின.

ஆகவே மழையும் மின்னலும் மின்கசிவும் பற்றி நாம் வாதிட வேண்டியதில்லை. கருவறை விளக்கிலிருந்து திரைச்சீலைக்குத் தாவும் தீயையும், கூரையைப் பெயர்க்கும் புயலையும் கணக்கிட்டுக் காப்புறுதி எடுப்பது பகுத்தறிவு. 2004 டிசம்பர் 26ஆம் நாள் கடல் பொங்கி வந்தபோது எந்தச் சமயத்தின் ஆலயத்தையும் அது விட்டுவைக்கவில்லை. அறவியல் சிக்கல் அங்கே இல்லை. ஆலயத்தை உடைப்பது இயற்கையன்று, மனிதன் என்னும்போதே சிக்கல் பிறக்கிறது. பகையைக் காப்புறுதி செய்யலாமா? செய்தால் அதற்குரிய பணத்தை எவர் கட்டுவது? உடைத்தவனா, உடைக்கப்பட்டவனா, பார்த்துக்கொண்டு நின்ற சமுதாயமா?

இக்கேள்வியை ஏட்டிலிருந்து எடுக்க வேண்டிய தேவை தம்புள்ளையில் வாழும் நமக்கு இல்லை. கண்டி யாழ்ப்பாண வீதியும் திருகோணமலை வீதியும் சந்திக்கும் இவ்வூரின் குகை விகாரை, 1991இல் உலக மரபுரிமைச் சின்னமாக ஏற்கப்பட்டது. ஏகாதிபத்தியத்தின் வரிகளை எதிர்த்து எழுந்த மாத்தளைக் கிளர்ச்சியில், 1848 ஜூலை 26ஆம் நாள் கொங்காலேகொட பண்டா அரசனாக முடிசூட்டிக் கொண்டதும் இவ்விகாரையிலேதான். அதே நூற்றாண்டில், மன்னார்க் கரையில் இறங்கிய தென்னிந்தியத் தொழிலாளர், கோப்பித் தோட்டங்களை நோக்கிக் கால்நடையாக நடந்த வடக்குப் பாதையும் தம்புள்ளை வழியாகவே மாத்தளைக்குச் சென்றது. வழிநெடுகப் பசியாலும் வாந்திபேதியாலும் மாண்டவர்களுக்குக் கல்லறையில்லை. எஞ்சியவர்கள் போய்ச் சேர்ந்த இடங்களில் ஒரு கல்லை நட்டு மாரியம்மன் என்றார்கள். ஒரு வரலாற்றாசிரியன் இவ்வூரிலே நின்றால், ஏழை எளியோரின் இரு பெருங் கதைகள் ஒரே தெருவைக் கடந்து சென்றதைக் காண்பான்.

அந்தத் தெருவில்தான் 2012 ஏப்ரல் 20ஆம் நாள், வெள்ளிக்கிழமை, தம்புள்ளைப் பள்ளிவாசலை அகற்றக் கோரி ஆயிரக்கணக்கானோர் திரண்டனர். ரங்கிரி தம்புள்ளை விகாரையின் தலைமைத் தேரரான இனாமலுவே சுமங்கல தேரர் அவ்வூர்வலத்துக்குத் தலைமை தாங்கினார். முன்னிரவிலேயே பள்ளிவாசல்மீது எரிகுண்டு வீசப்பட்டிருந்தது. அன்றைய ஜும்ஆத் தொழுகை நடைபெறவில்லை. கூட்டம் உள்ளே புகுந்து சேதம் விளைத்தது. பள்ளிவாசல் புனித பூமியின் எல்லைக்குள் சட்டவிரோதமாக அமைந்தது என்பது அவர்கள் கூற்று. பல பத்தாண்டுகளாக அங்கே தொழுது வருகிறோம் என்பது முஸ்லிம்கள் கூற்று. சில நாள்களுள் பிரதமர் தி. மு. ஜயரத்தின பள்ளிவாசலை வேறிடத்துக்கு மாற்றுமாறு பணித்தார். அதே கூட்டம் அப்பகுதியிலிருந்த பத்திரகாளி அம்மன் கோயிலையும் அகற்றக் கோரியது. 2013 ஒக்டோபர் இறுதியில் அக்கோயில் இடித்துத் தகர்க்கப்பட்டது. புனித பூமியை விரிவாக்குவதாகச் சொல்லப்பட்ட அந்நாள்களில், அச்சுற்றாடலில் வாழ்ந்த ஏழைக் குடும்பங்களும் குடியிருப்புகளை இழந்தன. அவர்களுள் சிங்களவரும் இருந்தனர் என்பதை மறக்கலாகாது.

இப்பொழுது ஒரு காப்புறுதி அதிகாரி அப்பள்ளிவாசலின் அல்லது அக்கோயிலின் முன் வந்து நின்றிருந்தால் என்ன கேட்டிருப்பார் என்று எண்ணிப் பார்ப்போம். நாம் வர்த்தகப் பாடம் கற்பிப்பவர் அல்லோம், தமிழ் கற்பிப்பவர். எனினும் காப்புறுதியின் அடிப்படைத் தத்துவங்கள் எவர்க்கும் விளங்கக் கூடியவையே. அவற்றை விளங்கிக்கொள்ளாத காரணத்தால் நம் ஆலய சபைகள் இழக்கும் பணம் கொஞ்சமன்று.

முதலிற் கேட்பது: 'இக்கட்டடத்தில் உமக்குச் சட்டப்படியான அக்கறை என்ன?' எவனொருவன் ஒரு பொருளின் அழிவால் நட்டமடைவானோ அவனே அதைக் காப்புறுதி செய்ய முடியும். இல்லாவிடில் அயலான் வீட்டுக்குக் காப்புறுதி எடுத்துவிட்டு அது எரியாதா என்று காத்திருப்பவர் பெருகிவிடுவர். நல்ல விதிதான். ஆனால் காணி உறுதி இல்லாத கோயில் அவ்வக்கறையை எவ்வாறு நிரூபிக்கும்? 'இது சட்டவிரோதக் கட்டடம்' என்று ஒரு கூட்டம் கூச்சலிட்டவுடன் அக்கோயிலின் காப்புறுதித் தகுதியும் ஐயத்துக்குள்ளாகிறது. 2008 ஒக்டோபரில் சமய விவகார அமைச்சு புதிய வழிபாட்டிடங்களுக்கு முன்னனுமதி வேண்டுமென ஒரு சுற்றறிக்கை விடுத்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு கிராமப்புறங்களில் சிறிய ஜெபக்கூடங்கள் பல நெருக்கப்பட்டன. பதிவில்லை என்றால் பாதுகாப்பில்லை. பாதுகாப்பு வேண்டிப் பதிவு கேட்டால் அயலவர் ஆட்சேபம். இந்த வட்டத்துக்குள் அகப்பட்டவன் ஏழைச் சபையினன்தான். கல்லால் எழுந்த பெரிய தேவாலயத்துக்கு இத்தொல்லை இல்லை.

இரண்டாவது கேள்வி இதனினும் கூர்மையானது. காப்புறுதி ஒப்பந்தத்தில் எடுப்பவன் தான் அறிந்த முக்கிய செய்திகள் யாவற்றையும் மறைக்காமற் கூற வேண்டும். மறைத்தால் ஒப்பந்தம் செல்லாது போகலாம். 'இதற்கு முன் உமக்கு மிரட்டல் வந்ததா?' வந்ததென்று சொன்னால் கட்டுப்பணம் ஏறும். சில வேளை காப்புறுதியே மறுக்கப்படும். சொல்லாவிட்டால் நாளை நட்டஈடு மறுக்கப்படும். கணித நோக்கில் இதிற் குற்றமில்லை. ஆபத்து மிகுந்த இடத்துக்குக் கட்டணம் மிகுதி என்பது அத்தொழிலின் அரிச்சுவடி. ஆனால் அறத்தின் நோக்கில் என்ன நிகழ்கிறது? வெறுக்கப்படுபவன் வெறுக்கப்படுவதற்காக ஆண்டுதோறும் வரி கட்டுகிறான்! வெறுப்பவனோ ஒரு சதமும் கட்டுவதில்லை. பகையை இடிமின்னலோடு ஒரே அட்டவணையில் எழுதியவுடன் அது பருவமழையைப்போல் இயற்கையாகிவிடுகிறது. பருவமழைமீது எவர் வழக்குத் தொடர்வார்?

இங்கேதான் காப்புறுதியை எதிர்ப்பவர்களுள் சற்று ஆழமாகச் சிந்திப்பவர் ஒரு வாதத்தைக் கொண்டுவருவர். அநீதிக்கு நட்டஈட்டுக் கம்பனியிடம் பணம் வாங்குவது அநீதியோடு உடன்படிக்கை செய்வதாகும். அரசின் கடமையை நாமே விலை கொடுத்து விடுவிப்பதாகும். ஆதலால் இடிந்த சுவரை இடிந்தபடியே விட்டு நீதி கேட்போம் என்பர். இவ்வாதத்தில் மானம் இருக்கிறது. ஆனால் அம்மானத்தின் செலவை ஏற்பவர் யார்? வெள்ளிதோறும் வெயிலில் நின்று தொழ வேண்டிய கூலியாளியும், கோயிற் கொட்டிலில் தன் பிள்ளைக்குத் தேவாரம் கற்பிக்க விரும்பும் தாயுமே. வாதிட்ட கனவான் தன் காரில் ஏறி வேறொரு கோயிலுக்குச் செல்வார். எனவே பணம் பெறத்தான் வேண்டும். பெற்ற பணம் நீதிக்குப் பதிலாக நிற்க விடாமற் பார்ப்பதே செய்யத்தக்கது.

அதற்கு வழி காப்புறுதிச் சட்டத்திலேயே இருக்கிறது. நட்டஈடு கொடுத்த நிறுவனம், பாதிக்கப்பட்டவனுடைய இடத்தில் நின்று குற்றவாளியிடம் அத்தொகையை மீட்க உரிமை உண்டு. அதாவது, உடைத்தவனின் கடன் தீர்ந்துவிடவில்லை, கடன்காரன்தான் மாறியிருக்கிறான். ஆலய சபையார் நட்டஈட்டைப் பெற்றுக் கையெழுத்திடும்போது, பொலிசிற் செய்த முறைப்பாட்டைக் கைவிடுமாறு ஊர்ப் பெரியவர்கள் நயந்து பேசுவதுண்டு. 'பணந்தான் வந்துவிட்டதே, இனி எதற்கு வழக்கு?' நட்டஈட்டுப் பத்திரத்திற் கையொப்பமிடுவது நிறுவனத்தோடுள்ள கணக்கை முடிப்பதேயன்றிக் குற்றத்தை மன்னிப்பதன்று. இவ்வேற்றுமையை நம் மாணவர்களுக்கு எட்டாம் வகுப்பிலேயே கற்பிக்கலாம்.

உடைந்ததற்குச் சமுதாயம் முழுவதும் பொறுப்பேற்க வேண்டும் என்னும் எண்ணம் புதியதன்று. இங்கிலாந்தில் 1714ஆம் ஆண்டின் கலகச் சட்டம், கலகக்காரர் ஒரு தேவாலயத்தையோ வழிபாட்டுக் கூடத்தையோ இடித்தால் அவ்வட்டாரத்து மக்கள் யாவரும் சேர்ந்து நட்டஈடு செலுத்த வேண்டுமென விதித்தது. அரச மதத்திலிருந்து பிரிந்த சபையினரின் கூடங்களைக் கும்பல்கள் தகர்த்துவந்த காலம் அது. 1886இல் அப்பொறுப்பு பொலிஸ் வரியின்மீது சுமத்தப்பட்டது; 2016இல் அச்சட்டம் புதுப்பிக்கப்பட்டது. காவல் தவறினால் காவற்பணத்திலிருந்தே ஈடு. எத்துணை நேர்மையான கணக்கு!

ஆனால் அதே ஆங்கிலேயன் இலங்கையில் அவ்வெண்ணத்தை எவ்வாறு திரித்தான் என்பதைப் பாருங்கள். கம்பளையில் பெரகரா ஊர்வலம் பள்ளிவாசலைக் கடக்கும்போது மேளம் முழங்கலாமா என்ற வழக்கு நீதிமன்றங்களில் இழுபட்டது. 1915 மே மாத இறுதியில், வெசாக் இரவில், கண்டியில் முஸ்லிம்களுக்கு எதிரான கலகமாக மூண்ட பகை பல மாகாணங்களுக்கும் பரவியது. பள்ளிவாசல்களும் கடைகளும் சூறையாடப்பட்டன. குடியேற்ற அரசு இராணுவச் சட்டம் பிறப்பித்தது. விசாரணையின்றிப் பலர் சுட்டுக் கொல்லப்பட்டனர். பின்னர், கலகம் நடந்த பகுதிகளில் வாழ்ந்த சிங்களவர் அனைவரிடமும், குற்றம் செய்தவர் செய்யாதவர் என்ற பேதமின்றி, நட்டஈட்டுப் பணம் அறவிடப்பட்டது. தன் வீட்டில் அயல் முஸ்லிம் குடும்பத்தை ஒளித்துக் காத்தவனும் கட்டினான். சட்டநிரூபண சபையில் இவ்வநீதிகளைக் கண்டித்துப் பேசியவர் பொன்னம்பலம் இராமநாதன். முஸ்லிம்களின் நட்டத்தை அவர் போதிய அளவு எடையிட்டாரா என்பது வேறு விவாதம்; அவ்விவாதத்தை முஸ்லிம் மக்கள் இன்னும் மறக்கவில்லை.

எல்லாரிடமும் வாங்கிப் பாதிக்கப்பட்டவனுக்குக் கொடுப்பது தோழமை. ஓரினத்தாரிடம் மட்டும் வாங்குவது அபராதம். தோழமையில் 'நம்முடைய ஊரிலுள்ள பள்ளிவாசல்' என்ற உணர்வு பிறக்கும். அபராதத்தில் 'அவர்களால் நமக்கு வந்த செலவு' என்ற வன்மமே மிஞ்சும். 1915இன் அறவீடு கலகத்தின் விதையை வேரோடு பிடுங்கியதா, நீரூற்றியதா என்பதை அடுத்த நூறாண்டு காட்டிவிட்டது.

அயல்நாடான இந்தியாவில் இக்கேள்வி அண்மையில் வேறொரு வடிவம் எடுத்தது. 2002இல் குஜராத்தில் அழிக்கப்பட்ட ஐந்நூறுக்கு மேற்பட்ட வழிபாட்டிடங்களைச் செப்பனிடும் செலவை மாநில அரசே ஏற்க வேண்டுமென அம்மாநில உயர் நீதிமன்றம் 2012இல் தீர்ப்பளித்தது. அரசு மேன்முறையீடு செய்தது. வரிப்பணத்தை மதக் கட்டடங்களுக்குச் செலவிடுவது மதச்சார்பின்மைக்கு ஒவ்வாது என்பது அதன் வாதங்களுள் ஒன்று. உச்ச நீதிமன்றம் 2017 ஆகஸ்டில் உயர் நீதிமன்றத்தின் கட்டளையை நீக்கி, அரசு தானே வகுத்த திட்டத்தை ஏற்றது. அதன்படி ஓர் ஆலயத்துக்குக் கிடைக்கக்கூடிய மிகக்கூடிய தொகை ஐம்பதாயிரம் ரூபா. மதச்சார்பின்மை நமக்கும் உயிரனைய கொள்கை. ஆயினும் ஒரு வினா எழுகிறது. கோயில் தீப்பற்றினால் நகரசபைத் தீயணைப்பு வண்டி வரிப்பணத்தில் ஓடி வருகிறதே, அது மதப் பிரசாரமா? காவல் செய்யக் கடமைப்பட்டவன் காவாது விட்டால் அவன் கொடுப்பது காணிக்கை ஆகாது, கடன் ஆகும். கடனைத் திருப்பித் தருமிடத்துக் கடன் கொடுத்தவனின் மதத்தை எவரும் ஆராய்வதில்லை.

இவ்விடத்தில் நம் வாசகர்களுள் சிலர் பொறுமையிழக்கக் கூடும். கோயிலே நமக்கு வேண்டியதில்லை என்னும்போது கோயிலின் காப்புறுதிக்காக நாம் ஏன் வாதாட வேண்டும் என்பர். அவர்களுக்கு நாம் சொல்ல வேண்டியது ஒன்றுண்டு. பள்ளிவாசலை உடைக்க வருபவன் பகுத்தறிவாளனாக வருவதில்லை. இறைவன் இல்லையென்று நிறுவ அவன் கல்லெறியவில்லை. அங்கே கூடும் மனிதர் இவ்வூரவர் அல்லர் என்று நிறுவவே எறிகிறான். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தின் 97,000 நூல்களை எரித்த கையும் இந்தக் கையே. 1995 ஜூலை 9ஆம் நாள் நவாலித் தேவாலயத்தில் தஞ்சம் புகுந்திருந்த மக்கள்மேல் குண்டு விழுந்தபோது, மாண்டவர்கள் நூற்றுக்கு மேற்பட்டோர். போர்ச் சேதத்தைப் பொதுவாக எந்தக் காப்புறுதிப் பத்திரமும் ஏற்பதில்லை. பேராபத்து வருமிடத்திலே விதிவிலக்கும் வந்துவிடுகிறது.

அவர்களுடைய இன்னொரு மறுப்பை நாம் இவ்வளவு எளிதில் தள்ளிவிட முடியாது. தாழ்த்தப்பட்டோரை வாசலில் நிறுத்திய கோயில்கள் எத்தனை! 1957ஆம் ஆண்டின் சமூகக் குறைபாடுகள் தடைச்சட்டம் இருந்தும், 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் ஆலயப் பிரவேசத்துக்காகச் சத்தியாக்கிரகம் செய்ய நேர்ந்ததே! தன் வாசலைச் சிலர்க்கு அடைத்த கோயில், தன் சுவர் இடிந்தபோது எல்லாருடைய பணத்தையும் கேட்கலாமா? கேட்கலாகாது என்பதே நம் துணிபு. பொதுநிதியிலிருந்து ஈடு பெறும் கதவு பொதுக் கதவாக இருக்க வேண்டும். இதை நிபந்தனையாகவே எழுதி வைக்கலாம்.

பொதுநிதி என்று நாம் சொல்வது வெறுங் கனவன்று. இந்நாட்டில் அதன் அரைகுறை வடிவம் ஏற்கெனவே இருக்கிறது. 1983 ஜூலைக் கொடுமைகளின்போது நம் மாத்தளை முத்துமாரியம்மன் தேவஸ்தானமும் தீக்கிரையானது. அதன் பின்னர் வெளிநாட்டு மீள்காப்புறுதி நிறுவனங்கள் இலங்கையின் கலகச் சேதத்தை ஏற்கத் தயங்கின. இலாபம் வரும்வரை நம்மோடு இருந்த மூலதனம், ஆபத்து வந்தவுடன் கப்பலேறிவிட்டது. ஆகவே 1980களின் பிற்பகுதியில் அரசே வேலைநிறுத்தம், கலகம், குடியியற் குழப்பம், பயங்கரவாதம் ஆகியவற்றுக்கென ஒரு நிதியை அமைத்தது. 2006ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான தேசிய காப்புறுதி நம்பிக்கை நிதியம் பின்னர் அதை நடத்தலாயிற்று. தீக் காப்புறுதி எடுப்பவர் மேலதிகமாக ஒரு சிறு தொகை கட்டினால் அது இந்நிதியைச் சேரும். கலகச் சேதத்துக்கு நிதி ஈடு செய்யும். கொழும்பிலுள்ள சிங்கள முதலாளியின் பண்டசாலைக் கட்டுப்பணமும், காத்தான்குடி முஸ்லிம் வணிகரின் கடைக் கட்டுப்பணமும் ஒரே பெட்டியில் விழுகின்றன. பெட்டிக்கு மதமில்லை.

1961ஆம் ஆண்டுச் சட்டத்தால் காப்புறுதிக் கூட்டுத்தாபனம் அமைந்து, ஆயுட் காப்புறுதியும் பின்னர்ப் பொதுக் காப்புறுதியும் அரசுடைமையானபோது, இப்பெட்டி இன்னும் பெரிதாகும் என்று நம்பியவர் பலர். கூட்டுத்தாபனம் 2003இல் தனியாருக்கு விற்கப்பட்டதும், அவ்விற்பனையை 2009இல் உயர் நீதிமன்றம் செல்லாதென்று தீர்த்ததும் வேறொரு நாள் விரித்தெழுத வேண்டிய கதை.

இந்நிதியின் குறை யாது? தீக் காப்புறுதி வைத்திருப்பவனுக்கே அதன் கதவு திறக்கிறது. வைத்திருக்கும் ஆலயங்களிலும் பெரும்பாலானவை குறைந்த தொகைக்கே வைத்திருக்கின்றன. அதன் விளைவை ஓர் எளிய கணக்காற் காட்டுவோம். ஒரு கோயிலை மீளக் கட்ட ஐம்பது இலட்சம் ரூபா வேண்டும். சபையார் கட்டுப்பணத்தைச் சுருக்க எண்ணி இருபது இலட்சத்துக்குக் காப்புறுதி செய்துள்ளனர். தீயினால் பத்து இலட்சம் சேதம். இருபது இலட்சத்துக்குக் காப்பிருக்கிறது, பத்து இலட்சம் முழுதும் வரும் என்று அவர்கள் நம்புவர். வராது. ஐந்தில் இரண்டு பங்குக்கே காப்புச் செய்தமையால் ஐந்தில் இரண்டு பங்கே, அதாவது நான்கு இலட்சமே கிடைக்கும். 'சராசரி' என்னும் இவ்விதி பத்திரத்தின் சிறிய எழுத்துகளில் இருக்கும். 2022இல் ரூபாயின் மதிப்பு வீழ்ந்து, அவ்வாண்டு செப்டம்பரிற் பணவீக்கம் எழுபது சதவீதத்தை நெருங்கியதே. அதற்கு முன் எழுதிய தொகையை மாற்றாத ஒவ்வோர் ஆலயமும் இன்று இக்கணக்கில் அகப்பட்டிருக்கிறது. சீமெந்தின் விலை ஏறும்; பத்திரத்திலுள்ள எண் தானாக ஏறாது. விக்கிரகங்களும் தேர்களும் வாகனங்களும் தனித்தனியே மதிப்பிட்டு எழுதப்பட்டாலன்றிக் கட்டடத்தோடு சேர்த்து எண்ணப்படுவதும் இல்லை. இவற்றைச் சபைகளின் வருடாந்தக் கூட்டத்தில் யாரேனும் ஓர் ஆசிரியர் எழுந்து சொல்லலாம். பொன்னாடை போர்த்துவதற்கு ஒதுக்கும் நேரத்திற் பாதி போதும்.

2019 ஏப்ரில் மாதத்தில் ஆறு நாள் இடைவெளியில் உலகம் இரு காட்சிகளைக் கண்டது. 15ஆம் நாள் பாரிசின் நோத்ர் தாம் பேராலயம் எரிந்தது. 1905ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அப்பேராலயம் பிரெஞ்சு அரசின் உடைமை. அரசு தன் கட்டடங்களுக்குத் தானே காப்பாளன் என்பதால் வெளிக் காப்புறுதி ஏதுமில்லை. உலகெங்குமிருந்து எண்பது கோடி யூரோவுக்கு மேல் நன்கொடை குவிந்தது. 2024 டிசம்பரில் அது மீளத் திறக்கப்பட்டது. அதே வசந்த காலத்தில் அமெரிக்காவின் லூசியானாவில் கறுப்பின மக்களின் மூன்று தேவாலயங்களை ஒருவன் கொளுத்தியிருந்தான். பாரிஸ் எரிந்த பின்னர்தான், இவர்களையும் நினையுங்கள் என்று சிலர் குரல் கொடுக்க, அவற்றுக்குப் பெருந்தொகை சேர்ந்தது. நன்கொடை என்பது புகழைத் தேடிச் செல்லும் இயல்பினது.

21ஆம் நாள், உயிர்த்த ஞாயிறு. கொச்சிக்கடை அந்தோனியார் திருத்தலம், நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டி செபஸ்தியார் ஆலயம், மட்டக்களப்பு சீயோன் தேவாலயம், கொழும்பின் மூன்று விடுதிகள். அந்தோனியார் திருத்தலத்தைக் கடற்படையினர் செப்பனிட்டனர். ஜூன் மாதத்திலேயே அது திறக்கப்பட்டது. செபஸ்தியார் ஆலயத்தை இராணுவத்தினர் கட்டி ஜூலையில் ஒப்படைத்தனர். சீயோன் தேவாலயம் அவ்வளவு விரைவில் எழவில்லை. அது மறைமாவட்டத்தின் துணையில்லாத சிறு சபை. தலைநகரிலிருந்து தொலைவில் இருப்பது. தமிழ் பேசுவோர் கூடுவது. இவற்றுள் எது காரணமென்று நாம் தீர்ப்புச் சொல்ல வரவில்லை. விருப்பத்தாற் செய்யப்படும் உதவி விரும்பிய இடத்துக்கே முதலிற் செல்லும். உரிமையாகக் கிடைக்கும் ஈடு வரிசைப்படி செல்லும். காப்புறுதியை நாம் ஆதரிப்பதற்கு இதுவே தலையாய காரணம்.

அவ்வழக்கில் 2023 ஜனவரி 12ஆம் நாள் உயர் நீதிமன்றம் அளித்த தீர்ப்பும் கருதத்தக்கது. முன்னெச்சரிக்கை கிடைத்தும் தடுக்கத் தவறிய குற்றத்துக்காக, முன்னாள் சனாதிபதி மைத்திரிபால சிறிசேன பத்துக் கோடி ரூபாவைத் தம் சொந்தப் பணத்திலிருந்து பாதிக்கப்பட்டோருக்கு வழங்க வேண்டுமென்றது. பொலிஸ், புலனாய்வு, பாதுகாப்புத் துறைகளின் உயரதிகாரிகளுக்கும் தனித்தனித் தொகை விதித்தது. இறந்தவர்களின் விலை அதுவென்று எவரும் சொல்லார். ஆனால் பொதுப் பெட்டியிலிருந்து ஈடு ஒருபுறம், பொறுப்புத் தவறியவனின் சட்டைப்பையிலிருந்து கடன் மறுபுறம் என்று இரு கணக்குகளும் வேறு வேறாக நிற்கலாம் என்பது அங்கே தெளிவாயிற்று. தம்புள்ளையில் அந்த இரண்டாவது கணக்கு எழுதப்படவேயில்லை.

இறுதியாகத் தோட்டத்துக் கோயில்கள். வடக்குப் பாதையால் நடந்து வந்தவர்கள் நட்ட கல், இன்று தகரக் கூரையும் வர்ணம் பூசிய சுவருமாக ஒவ்வொரு லயத்துக்கு அருகிலும் நிற்கிறது. நிலம் 1970களில் அரசுடைமையாகி, 1992 முதல் கம்பனிகளின் கைக்கு மாறியது. கோயில் நிற்கும் அடியும் அந்நிலமே. சந்தாப் பணத்தாலும் நாட்சம்பளத்தின் மிச்சத்தாலும் கட்டியவனுக்கு அதன்மீது உறுதி இல்லை. உறுதியில்லாதவனுக்குக் காப்புறுதி இல்லை. காப்புறுதியில்லாதவனுக்குக் கலக நிதியும் இல்லை. மண்சரிவில் போனாலும், தீயில் போனாலும், கும்பலால் போனாலும் மறுபடியும் அவன் நாட்சம்பளமே. மாத்தளை மாவட்டத்தில் இத்தகைய கோயில்கள் எத்தனை, அவற்றின் அளவென்ன, மீளக் கட்ட ஆகும் செலவென்ன என்று ஒரு பட்டியல் எடுப்பது பெரிய வேலையன்று. உயர்தர வகுப்பு மாணவர் இருபது பேர், அளவு நாடாவும் கொப்பியும் கொண்டு, ஒரு விடுமுறைக் காலத்தில் முடித்துவிடுவர். அப்பட்டியலைப் பிரதேச செயலகத்தில் கையளித்து, நிலத்தின் உறுதி வரும்வரை அக்கோயில்கள் முழுவதையும் ஒரே கூட்டுப் பத்திரத்தின்கீழ்க் கொண்டுவருமாறும், கட்டுப்பணத்தை நிலத்தின் உரிமையாளனான அரசும் அதன் பயனை அனுபவிக்கும் கம்பனியும் பங்கிட்டுச் செலுத்துமாறும் கேட்க வேண்டும். இந்த ஆண்டு விடுமுறையில் எங்கள் பள்ளிக்கு அண்மையிலுள்ள தோட்டங்களிலிருந்து தொடங்க எண்ணியிருக்கிறோம்.